பூம்பாறை மலைப்பூண்டு: கூடுதல் விலைக்குத் தகுமா?

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், படிப்படியாக வெட்டிய வயல்களுக்கு நடுவே வீடுகள் நெருங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு ஊர் பூம்பாறை. வருகிறவர்களில் பலர் மேலே சாலையோரத்தில் நின்று படமெடுத்து, குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வயல்களில் விளையும் பூண்டைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, மே மாதத்தையொட்டி ஒரு முறையும் நவம்பரையொட்டி மறுமுறையுமாக ஆண்டுக்கு இருபோகம் பயிராகிறது. முழுப்பூண்டு ஒன்று சராசரியாக 20 முதல் 30 கிராம் இருக்கும். ஆகவே பருமனைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகவே தோன்றும். அறுவடையான பூண்டைத் தாளோடு, அதாவது அதன் தண்டோடு, சேர்த்துக் கட்டி, தொங்கவிட்டு, புகைமூட்டிப் பாதுகாக்கும் வழக்கம் மலையூர்களில் உண்டு. அதனால் தோல் பழுப்பேறி அழுக்குப் படிந்ததுபோல் தெரிந்தாலும், உள்ளே பல் வற்றாமல் நெடுநாள் நிற்கிறது.

விவசாயி ஒருவரின் வீட்டில் நான் வாங்கிய கட்டு அப்படிப்பட்டதுதான். தோல் பல்லோடு ஒட்டிக்கொண்டு உரிக்கப் பொறுமையைச் சோதித்தது; அவசரச் சமையலுக்கு இது ஆகாது. ஆனால் பல்லை நசுக்கியதும் சாறு விரலில் பிசுபிசுவென ஒட்டியது, காரம் கண்ணைக் கரித்தது, இருமுறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் வாடை போகவில்லை. முழுப் பல்லாக நல்லெண்ணெயில் வதக்கிப் புளிக்குழம்பில் போட்டால் குழையாமல் வெந்து, காரம் அடங்கி, லேசான இனிப்பு எழுகிறது. ரசத்துக்கு எனில் தட்டிச் சற்று நேரம் வைத்திருந்து, இறக்கும் நேரத்தில் சேர்ப்பது நல்லது. பூண்டின் காரம் பல் நசுங்கிய பிறகே உருவாகிறது, நெடுநேரம் கொதித்தால் அது தணிந்துவிடும். பூண்டுப் பாலுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை. எல்லா நோயும் தீருமென்று விற்பவர்கள் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு விட்டுவிடலாம்.

குறை சொல்ல வேண்டியது பூண்டைப் பற்றியல்ல, அது கைமாறும் விதத்தைப் பற்றியே. மலையில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் கடையொன்றில் மலைப்பூண்டு என்று வாங்கிய பொட்டலத்தில், மேலே நான்கைந்து மலைப்பூண்டும் அடியில் வெளுத்த, வாசமற்ற சமவெளிப் பூண்டும் இருந்தன. நான் வாங்கிய எந்த இடத்திலும் பொட்டலத்தின்மேல் குறியீட்டு முத்திரையோ விளைந்த ஊரின் பெயரோ இல்லை. குறியீடு பெற்று இத்தனை ஆண்டுகளான பின்னும், அசலை இனம் காணும் பொறுப்பு வாங்குகிறவரின் மூக்குக்கே விடப்பட்டிருப்பது விளைவிக்கிறவருக்கும் இழப்புதான்.

எனவே பொட்டலமாகக் கட்டியதைத் தவிர்த்து, தாளோடு கூடிய கட்டாகக் கேட்டு, ஒரு பல்லை உடைத்து முகர்ந்து பார்த்தே வாங்குங்கள். அன்றாடத் தாளிப்புக்கும் இஞ்சி பூண்டு விழுதுக்கும் இந்த விலை கொடுப்பது வீண். குழம்புக்கும் பாலுக்கும் ரசத்துக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். மலையேற முடியாதவர்கள் பெரியகுளம் அருகிலுள்ள வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் கேட்டுப் பார்க்கலாம்; அங்கும் முகர்ந்து பார்க்காமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.