கோடை முகாம்: இலவச இடமா, ஊர்ப் பள்ளி மைதானமா?

மே மாதம் வந்தால் நகரத்துத் தனியார் முகாம்களில் சில, ஐந்தாறு இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்குகின்றன. நல்ல மனசுதான். ஆனால் கட்டணம் ஒன்றுதானா தடை? விடியும் முன்பே கூலி வேலைக்குக் கிளம்பும் அம்மா, பிள்ளையை இரண்டு பஸ் மாறி எப்படிக் கொண்டுவிடுவார்? எப்படியோ வந்துசேர்ந்தாலும் ஷூ வேண்டும், நீச்சல் உடை வேண்டும். இடைவேளையில் எல்லோரும் ஸ்நாக்ஸ் டப்பாவைத் திறக்கும்போது தானும் திறக்க ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் நாலாம் நாள் "வயிறு வலிக்குது" என்று வீட்டிலேயே இருந்துவிடும். உடையும் தீனியும் எல்லோருக்கும் ஒரேமாதிரி தந்து, பணம் கட்டாதவர் யார் என்றே தெரியாமல் நடத்தினால் இந்த வழி நல்லது. பயிற்சியாளர்களும் கருவிகளும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மாவட்ட விளையாட்டரங்குகளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைப் பயிற்சி நடத்துகிறது. தடகளத்திலோ ஹாக்கியிலோ ஏற்கெனவே ஆர்வமுள்ள, பக்கத்திலேயே குடியிருக்கும் பிள்ளைக்கு அது போதும். கிராமத்துப் பிள்ளைக்குத் தூரம்.

மூன்றாவது, பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியிலேயே முகாம். என் ஓட்டு இதற்குத்தான், முதல் காரணம் சோறு. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பள்ளி நாட்களுக்கானவை. லீவு விட்டதும் அந்த அடுப்பு அணைந்துவிடுகிறது. சமையலறை அங்கேயே இருக்கிறது, சமைக்கத் தெரிந்த அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறார். தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஒத்துக்கொண்டால் நன்கொடைப் பணத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடலாம். அப்புறம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்பிள்ளைகள். குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொன்னால்தான் அவர்களால் வரமுடியும். இதை ஊர்ப் பள்ளியில்தான் சொல்லமுடியும். உள்ளூர்ப் பெண்களை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைக்கலாம் என்பதை ஊர்த் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தரும் திட்டமாக 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியிலேயே பார்த்தோம்.

குறையும் உண்டு. ஆளில்லாவிட்டால் முகாம் வண்ணம் தீட்டுவதோடு நின்றுபோகும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லம் என்ற சிறுவர் அறிவியல் மன்றங்களை நடத்திப் பழகியவர்களை வாரம் இரண்டு நாள் அழைத்தால் பிள்ளைகள் கையாலேயே சோதனைகள் செய்வார்கள். வெயிலுக்கு முன், ஏழு மணிக்கே தொடங்கிவிடவேண்டும்.

நீச்சலுக்கு மட்டும் ஊர்ப் பள்ளியில் வழியில்லை. ஒவ்வொரு கோடையிலும் கிணற்றிலும் ஏரியிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம், அதனால் அதை ஆடம்பரம் என்று தள்ளவும் முடியாது. இலவச இடம் தர நினைக்கும் தனியார் முகாம்கள், வாரம் ஒரு நாள் காலையில் தங்கள் குளத்தை ஒரு பள்ளிக்கு முழுதாகத் திறந்துவிட்டு, வேனும் அனுப்பலாம்.