மயிலாப்பூரில் ஒரு மாடி வகுப்பு

பெரியவர்களுக்கென நடத்தப்படும் இந்தக் கர்நாடக இசை வாய்ப்பாட்டு வகுப்பில் நானும் அலுவலகத் தோழி ஒருவரும் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கப் பயிற்சிகளான வரிசைகளும் அலங்காரங்களும் சிரமமின்றி நகர்ந்தன. பைரவி ராகத்தில், அட தாளத்தில் அமைந்த வர்ணம் என்ற பயிற்சி உருப்படிதான் எங்களைத் திணறடித்தது. 14 அட்சரம் (தாள எண்ணிக்கை) கொண்ட அத்தாளத்தில், ஒரு தட்டுக்குப் பின் சுண்டு விரலில் தொடங்கி ஆள்காட்டி விரல் வரை எண்ணும் 5 அட்சர லகு இருமுறை வந்து, தட்டும் வீச்சுமான இரண்டு திருதங்களில் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடிவதற்குள் என் கை ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போய்விடும். தோழிக்குத் தாளம் தவறாது. ஆனால் சுரங்கள் இறங்கும்போது, தாழ்ந்த 'த' சுரமான சுத்த தைவதம் பிடிக்க வேண்டிய இடத்தில் அதைவிடச் சற்று உயர்ந்த சதுச்ருதி தைவதமே வந்து நிற்கும். ஆகவே அவர் எனக்குத் தாளம் போட, நான் அவருக்குத் தைவதம் பிடித்துக் காட்ட, பறக்கும் ரயிலிலும் முணுமுணுத்தபடி (எதிரில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ!) நான்கு மாதம் போராடினோம். ஆசிரியை ஒரே சங்கதியை (ஒரு வரியைப் பாடும் ஒரு விதத்தை) பத்து முறையானாலும் சலிக்காமல் பாடிக் காட்டுகிறார். ஒருவருக்குப் படியாதவரை மற்றவருக்கு அடுத்த சுரம் கிடையாது. குறை ஒன்றுண்டு: பெண்களே மிகுதி என்பதால் சுருதிப்பெட்டி பெண் குரலுக்கு ஏற்ற உயர்ந்த ஐந்து கட்டைச் சுருதியிலேயே இருக்கிறது. என் போன்ற தாழ்ந்த, ஒரு கட்டைச் சுருதிக் குரலினர், ஆண்கள் அதிகம் வரும் ஞாயிறு காலை வகுப்பைக் கேட்டுப் பெறலாம்.