லேஸ் டியூனிக்: பருத்தியா, லினனா, மூங்கிலா?

கோடைக்கு ஒரு லேஸ் டியூனிக் பின்னலாம் என்று உட்கார்ந்தால் பலரும் முதலில் டிசைன் தேடுவார்கள். நான் நூலைத்தான் பார்ப்பேன். டியூனிக் இடுப்பைத் தாண்டித் தொங்கும் உடை, அதன் எடையெல்லாம் தோளில் வந்து நிற்கும். லேஸிலோ பாதிக்குப் பாதி ஓட்டை. கம்பளியாக இருந்தால் இழுபட்டாலும் திரும்பச் சுருங்கிக்கொள்ளும். கோடை நூல்களிடம் அந்தக் குணம் கிடையாது.

பருத்தி கைக்கு இதமானது. கண்ணிகள் (பின்னல் வளையங்கள்) பளிச்சென்று தெரியும், தப்பு விட்டால் அடுத்த வரிசைக்குள் பிடித்துவிடலாம். ஆனால் கனம், நனைந்தால் இன்னும் கனம். என் முதல் பருத்தி டியூனிக்கைத் துவைத்துக் கொடியில் போட்டேன். காய்ந்ததும் அது முட்டியைத் தொட்டது! படுக்கவைத்து உலர்த்தியிருக்க வேண்டும். பருத்திதான் வேண்டும் என்றால் மெர்சரைஸ்டு நூல் வாங்குங்கள். பளபளப்பும் பலமும் உண்டு. பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைக்கும் முறையை 1844ல் கண்டுபிடித்தவர் ஜான் மெர்சர். பளபளப்பு வந்ததோ 1890ல் ஹோரஸ் லோ நூலை இழுத்துப் பிடித்து நனைத்த பிறகு. பெயர் மட்டும் மெர்சருக்கே போய்விட்டது, பாவம் லோ.

லினன் பின்னும்போது கயிற்றோடு மல்லுக்கட்டுவது போல இருக்கும். விரலை உரசும், கொஞ்சமும் நெகிழாது, கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழும். முதல் துவையல்வரை பொறுங்கள். கண்ணிகள் தாமாகச் சீராகும், துவைக்கத் துவைக்க மென்மை கூடும். நனைந்தால் இதன் பலம் குறையாது, கூடும். வியர்வையும் சீக்கிரம் உலர்ந்துவிடும்.

மூங்கில் நூல் பெரும்பாலும் விஸ்கோஸ்தான். மரக்கூழைப் போலவே மூங்கில் கூழையும் கரைத்து இழையாக இழுக்கிறார்கள். தொட்டால் குளிர்ச்சி, பட்டு மாதிரி உடம்போடு வழிந்து விழும். அதே வழுக்கல்தான் தொல்லையும். ஸ்டீல் ஊசியில் கண்ணிகள் நழுவி ஓடும், மர ஊசி தேவலாம். ஈரத்தில் பலமும் குறையும். சால்வைக்குச் சரி, டியூனிக்குக்கு நான் எடுக்க மாட்டேன்.

எந்த நூலானாலும் 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னித் துவைத்து உலர்த்துங்கள். அப்புறம் அடியில் நாலு துணி கிளிப் மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டு அளந்து பாருங்கள். அது 17 செ.மீ. ஆகியிருந்தால், 60 செ.மீ. என்று பின்னிய உடல் 68ல் போய் நிற்கும். பின்னும்போதே ஏழு செ.மீ. கழித்து 53 என்று பின்னினால், தொங்கிய பிறகு 60ல் நிற்கும்.

என் ஓட்டு பருத்தியும் லினனும் பாதிப் பாதி கலந்த நூலுக்கு. 100 கிராமுக்கு 400 மீட்டர் அளவில் மெல்லியதாக எடுத்து, 4 மி.மீ. ஊசியில் பின்னுவேன். தோளில் மட்டும் லேஸ் வேண்டாம், அங்கே சாதாரணப் பின்னல்தான். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தோளில் ஊசிநூல் கொண்டு தைத்தே இணைப்பேன். தையலில்லாப் பின்னல் பார்க்க அழகுதான், ஆனால் எடையைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தையல்கோடு.