‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ ப்ளூ-ரே: தெல்மா ரிட்டருக்காகவே வாங்கலாம்

சாமுவேல் ஃபுல்லர் 1953-இல் இயக்கிய ‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ திரைப்படத்தின் 4கே துல்லியத்தில் செய்யப்பட்ட மறுசீரமைப்பைக் கொண்ட அமெரிக்க ப்ளூ-ரே வட்டுப் பதிப்பை இயக்குநரின் பெயருக்காக வாங்குகிறவர்கள் இருப்பார்கள். நாயகன் ரிச்சர்ட் விட்மார்க்கின் அந்த அலட்சியச் சிரிப்புக்காக வாங்குகிறவர்களும் இருப்பார்கள். நான் வாங்கியது, 80 நிமிடப் படத்தில் ஒருசில காட்சிகளில் மட்டுமே தலைகாட்டும் துணை நடிகை தெல்மா ரிட்டருக்காக. அந்தக் கணக்கில் பார்த்தால், கொடுத்த பணம் வீண்போகவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து ஸ்கிப் என்ற ஜேப்படித் திருடன் பர்ஸை அடிக்கிறான். அதற்குள் கம்யூனிஸ்ட் உளவாளிகளுக்குப் போய்ச் சேரவேண்டிய, ரகசியத்தைச் சிறு படச்சுருளில் அடக்கிய மைக்ரோஃபிலிம் இருக்கிறது. ஆகவே போலீஸும் உளவாளிகளும் ஒரே நேரத்தில் அவனைத் தேடுகிறார்கள். பனிப்போர்க் காலத்து அரசியல் படம் முழுக்க நெடியடிக்கிறது. பிரான்சில் மொழிமாற்றம் செய்தபோது உளவாளிகளைப் போதைப்பொருள் கடத்தல்காரர்களாக்கிவிட்டார்கள் என்பதும், அப்படி மாற்றியும் கதை நொண்டாமல் ஓடியது என்பதும் அந்த அரசியலின் ஆழம் எவ்வளவு என்பதைக் காட்டிவிடும். படத்தைத் தாங்கி நிற்பது அரசியல் அல்ல, ரிட்டர் நடித்த மோ என்ற கிழவி. கழுத்துப்பட்டைகளைத் தெருவில் விற்றபடி, திருடர்களின் இருப்பிடத்தைப் போலீஸுக்கும் கேட்பவர்களுக்கும் காசுக்குச் சொல்லிப் பிழைப்பவள். சேர்க்கும் ஒவ்வொரு டாலரும் தன்னுடைய சொந்தக் கல்லறைக்காக. அநாதைப் பிணங்களோடு பொதுக்குழியில் தன்னைப் போட்டுவிடக் கூடாது என்பது ஒன்றே அவளுடைய கவலை.

காட்டிக்கொடுப்பவளை நாம் வெறுத்திருக்க வேண்டும். ஆனால் காட்டிக்கொடுக்கப்பட்ட ஸ்கிப்புக்கே அவள்மேல் கோபம் இல்லை. அவளும் சாப்பிட வேண்டுமே என்கிறான். ரிட்டர் அந்தப் பாத்திரத்தை அனுதாபம் கேட்கும் பாத்திரமாகச் செய்யவில்லை. காவல் நிலையத்தில் விலை பேசும் முதல் காட்சியில் அவரிடம் இருப்பது, பலகாலம் ஒரே கடையை நடத்தியவரின் தொழில் தோரணை. குரலில் புரூக்ளின் கரகரப்பு. வார்த்தைகள் வாயின் ஓரத்திலிருந்து உதிர்கின்றன. எதிரில் இருப்பவர் எவ்வளவு வரை ஏறுவார் என்று அளந்தபடியே இருக்கும் கண்கள்.

பிறகு அவளுடைய அறைக் காட்சி வருகிறது. நாளெல்லாம் அலைந்துவிட்டு வந்து இசைத்தட்டைப் போட்டிருக்கும் அவளிடம், ஸ்கிப்பின் இருப்பிடத்தைக் கேட்டு உளவாளிகளின் ஆளான ஜோயி துப்பாக்கியோடு வந்து நிற்கிறான். யாருடைய முகவரியையும் விலைக்குக் கொடுத்தவள் இதை மட்டும் விற்க மறுக்கிறாள். வீரத்தால் அல்ல, நாட்டுப்பற்றாலும் அல்ல, அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். உடம்பு வலியைப் பற்றியும் களைப்பைப் பற்றியும் அவர் பேசும்போது குரல் ஒருமுறைகூட உயர்வதில்லை; அழுகைக்கு இடமிருந்தும் அழுவதில்லை. கேமரா அவரை விட்டு நகர்ந்து இசைத்தட்டின் பக்கம் போகிறது, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. இந்தக் காட்சியை முன்பு மங்கலான ஒரு பிரதியில் பார்த்தபோது எனக்கு வசனம்தான் நினைவில் நின்றது. இந்த வட்டில் பார்த்தபோது, வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் அந்த முகத்தில் நடப்பது நினைவில் நிற்கிறது; மிரட்டலுக்குப் பயந்த முகம் மெல்ல மெல்லச் சலித்த முகமாக மாறும் இடத்தை விரல் வைத்துக் காட்டிவிட முடியும் என்று தோன்றுகிறது.

மறுசீரமைப்பின் தரத்துக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஜோ மெக்டொனால்டின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, சாம்பலாக வெளுக்கவில்லை. படச்சுருளின் இயல்பான துகள்களை வழித்தெடுத்து முகங்களை மெழுகாக்கும் தவறும் இங்கே நடக்கவில்லை. ஒற்றைத்தட ஒலி தெளிவு.

ரிட்டரின் வாழ்க்கையை அறிந்தவருக்கு மோவின் களைப்பு கூடுதலாக ஏதோ சொல்லும். 1902 பிப்ரவரி 14 அன்று புரூக்ளினில் பிறந்தவர். அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமட்டிக் ஆர்ட்ஸில் பயின்று, மேடையில் சில்லறை வேடங்களில் நடித்து, குழந்தைகளை வளர்ப்பதற்காக விலகி, 1940-களில் வானொலி நாடகங்களின் வழியாகத் திரும்பி வந்தவர். ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ படத்தில், மகனுக்குப் பொம்மை தேடி மேசிஸ் கடையில் அலுத்து நிற்கும் தாயாக முதல்முறை திரையில் வந்தபோது அவருக்கு வயது 45. பெயர்ப் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை. அந்தச் சிறு துண்டைப் பார்த்து ஃபாக்ஸ் நிறுவனத் தயாரிப்புத் தலைவர் டாரில் ஜானக் அவருடைய பகுதியை நீட்டச் சொன்னார். அதன் பின் நடந்தது விசித்திரம். 1950 முதல் 1953 வரையிலான படங்களுக்காக ஆண்டுதோறும் ஒன்றாக நான்கு, பிறகு ‘பில்லோ டாக்’, ‘பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்’ படங்களுக்காக இரண்டு என, சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை ஆறு முறை வந்தது. ஒருமுறையும் விருது வரவில்லை. மோவுக்கான பரிந்துரைதான் இந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் பரிந்துரை; விருதை ‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’ படத்துக்காக டோனா ரீட் கொண்டுபோனார். 1955 ஆஸ்கர் விழாவின் நியூயார்க் மேடையைத் தொகுத்து வழங்க மட்டும் ரிட்டரை அழைத்தார்கள். விருதைத் தராமல் விருந்துக்குப் பரிமாறச் சொன்னது போல எனக்குப் படுகிறது. மேடை உலகம் அவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை. ‘நியூ கேர்ள் இன் டவுன்’ இசை நாடகத்துக்காக 1958-இல் அவருக்கும் சக நடிகை க்வென் வெர்டனுக்கும் சேர்த்தே டோனி விருது கொடுத்தது.

இவ்வளவையும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், வட்டின் இணைப்புகளில், அதாவது படத்தோடு தரப்படும் கூடுதல் பகுதிகளில், இதற்கு இடமில்லாததுதான். இணைப்புகள் ஏராளம், ஆனால் அவற்றின் நாயகர் ஃபுல்லர். திரைப்பட விமர்சகர் ரிச்சர்ட் ஷிக்கல் 1989-இல் அவரோடு நடத்திய நேர்காணலில், சுருட்டும் கையுமாக ஃபுல்லர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவருடைய சுயசரிதையிலிருந்து ஓர் அத்தியாயம் வட்டோடு வரும் சிறுநூலில் உண்டு. துணை நடிகைக்கென்று பத்து நிமிட ஆவணப்படம் ஒன்று சேர்த்திருந்தால் குடி முழுகிப் போயிருக்காது. வாங்க நினைப்பவர்கள், இது அமெரிக்கா உள்ளிட்ட ஏ மண்டலக் கருவிகளில் மட்டுமே ஓடும்படி பூட்டப்பட்ட வட்டு என்பதால், தங்களுடைய கருவி அதை ஏற்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எனக்கு அனுப்பிய விற்பனையாளர் பெட்டியை மெல்லிய உறைக்குள் திணித்து அனுப்பியதில் வட்டு கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. கீறல் விழாதது என் நல்ல காலம்.

ரிட்டரை இதுவரை பார்க்காதவர்கள் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’வில் அவர் செய்த செவிலி ஸ்டெல்லாவிடமிருந்து தொடங்கலாம். அங்கே அவர் சிரிக்க வைப்பார், இங்கே சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிடுவார். ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்தில் ஈவை முதலில் சந்தேகிப்பதே அவருடைய பாத்திரம்தான், அதையும் திரைக்கதை பாதி வழியில் மறந்துவிடுகிறது.

இணைப்புகளில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1954-இல் இதே கதையை வானொலி நாடகமாக்கியபோது ரிட்டரே அதில் நடித்தார். அந்த ஒலிப்பதிவு வட்டில் இருக்கிறது. முகமும் இல்லை, நடையும் இல்லை. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அவர் பிழைப்பு நடத்திய அதே கருவி, அந்தக் குரல் மட்டும். படத்தைப் பார்த்த அன்றே கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்து, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.