சுங்கை சிப்புட் நர்சரியில் மில்க்வீடும் எருக்கும்: கடிபட்ட செடியாகப் பார்த்து வாங்குங்கள்

செடி வாங்கப் போனால் பூச்சி கடிக்காத, பளபளவென்ற இலையைத்தான் கை தேடும். பட்டாம்பூச்சிப் புழு தின்று வளரும் மில்க்வீட் செடியை வாங்கும்போது அந்தப் பழக்கம் உதவாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் இந்தச் சின்ன நர்சரியை முதலில் பாராட்ட வேண்டியதே அதற்காகத்தான். இங்கே மில்க்வீட் வரிசையில் பாதிச் செடிகள் கடிபட்டு நிற்கின்றன. இலை கடிபட்டிருந்தால் புழு தின்று பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். புழு பிழைத்த செடியில் பூச்சி மருந்து இல்லை என்று ஓரளவு நம்பலாம். பட்டாம்பூச்சிக்காகச் செடி வாங்குகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான தகவல் கிடையாது.

விலையைச் சொல்லிவிடுகிறோம். சிவப்பும் மஞ்சளும் கலந்து பூக்கும் மில்க்வீட், சின்ன பாலிபேக்கில் 4 வெள்ளி (ரிங்கிட்), முழுக்க மஞ்சளாகப் பூப்பதும் அதே விலை. ஊதா எருக்கு 8 வெள்ளி, வெள்ளெருக்கு 15 வெள்ளி. கிலுகிலுப்பைச் செடி 3 வெள்ளி. விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் எருக்கின் விலை ஏறும், செடியில் ஒரு பூகூட மிஞ்சாது. பூவைப் பறித்துவிட்டார்களே என்று அந்தச் செடியை ஒதுக்க வேண்டாம். புழுவுக்கு வேண்டியது இலைதான்.

மில்க்வீட்தான் இங்கே உருப்படியான சரக்கு. பிறப்பிடம் அமெரிக்க வெப்பமண்டலம். எருக்கு, அரளி, நித்தியகல்யாணி எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். இடுப்பளவு வளரும், வருஷம் முழுக்கப் பூக்கும். நர்சரியில் மண் கலவை நன்றாக இருக்கிறது: தோட்டத்து மண்ணோடு மணலும் தேங்காய் நார்த் தூளும் கலந்திருக்கிறார்கள், தண்ணீர் ஊற்றினால் தேங்காமல் இறங்குகிறது. வாங்கும்போது பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை வேர் ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தால் சரியான பருவம். பழுப்பு வேர் சுருண்டு கட்டியாகத் தெரிந்தால் செடி பையிலேயே கிழடாகிவிட்டது, அதை விட்டுவிடுங்கள்.

ஒரு செடி வாங்கினால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். இது தவறான யோசனை. 4 வெள்ளிப் பாலிபேக் செடி இரண்டு மூன்று புழுவுக்குமேல் தாங்காது. ஒரு தாய்ப் பட்டாம்பூச்சி வந்துவிட்டால் இலைக்கு ஒன்றாகப் பத்துப் பதினைந்து முட்டையை வைத்துவிட்டுப் போகும். கடைசி நான்கு நாளில்தான் புழு அசுரப் பசியில் தின்னும். அந்த நேரத்தில் செடி மொட்டையானால் பக்கத்தில் வேறு இலை கிடையாது, அத்தனையும் பட்டினியில் சாகும். வாங்குவதாக இருந்தால் குறைந்தது ஆறு செடி வாங்குங்கள். மூன்றை வெளியில் வையுங்கள், மூன்றை கொசுவலைக்குள் வைத்துத் தழைக்க விடுங்கள். வெளியிலிருப்பது தீர்ந்ததும் மாற்றி வைக்கலாம். மொட்டையான செடியைத் தூக்கிப் போடாதீர்கள். தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, ஒரு பிடி மக்கிய எரு போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் துளிர்த்துவிடும். வெட்டிய தண்டையும் தண்ணீரில் நிற்க வைத்தால் வேர் விடும், அதுவே அடுத்த செடி.

வருகிற பட்டாம்பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் செடிக்கு மாட்டியிருக்கும் அட்டையில் படம் தப்பு. அட்டையில் இருப்பது மொனார்க். மெக்சிகோ மலைக்காட்டுக்குக் கோடிக்கணக்கில் போய் ஊசியிலை மரங்களில் அடைந்து கிடக்குமே, அந்த அமெரிக்கப் பட்டாம்பூச்சி. நம் வாசலுக்கு வருவது அதன் உறவுக்காரி, வெந்தய வரியன். மொனார்க்கின் ஆரஞ்சு இறக்கையில் கறுப்பு நரம்பு கோடு கோடாக ஓடும். வெந்தய வரியனுக்கு அந்தக் கோடு கிடையாது, வெந்தய நிறத்தில் வழுவழுப்பான இறக்கை, மேல் நுனி மட்டும் கறுத்து அதில் வெள்ளைப் பட்டை. பின்னிறக்கையின் நடுவில் கறுப்புப் புள்ளிகளை எண்ணுங்கள்: மூன்று என்றால் பெண், நான்கு என்றால் ஆண். புழுவிலும் வித்தியாசம் உண்டு. இரண்டுமே கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்டவைதான், ஆனால் மொனார்க் புழுவுக்குக் கறுப்புக் கொம்பு இரண்டு ஜோடி, வெந்தய வரியனுக்கு மூன்று ஜோடி. கொம்பின் அடி ரத்தச் சிவப்பாக இருக்கும். பிள்ளைகள் அட்டையைப் பார்த்துவிட்டு 'நம்ம புழு வேற மாதிரி இருக்கு, நோயா?' என்று கேட்காமல் இருக்க, கடைக்காரர் அந்த அட்டையை மாற்ற வேண்டும்.

முட்டை இலையின் அடியில், ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளியாக இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். பொரிந்ததும் முதல் சாப்பாடு முட்டை ஓடுதான். அதற்குப் பிறகு நடப்பதை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சற்று வளர்ந்த புழு இலையை நேராகத் தின்னாது. முதலில் நடுநரம்பை ஓரிடத்தில் கடித்து வெட்டும். வெட்டிய இடத்தில் பால் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், சில நிமிஷத்தில் இலையின் நுனிப்பக்கம் தளர்ந்து தொங்கும். பால் வடிந்த அந்தப் பக்கத்தைத்தான் அது தின்னும். பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய தலைமுறையின் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், பார்த்தவுடன் புரியும். வடித்த பிறகும் இலையில் மிஞ்சும் நஞ்சு புழுவின் உடம்பில் தங்கி, பட்டாம்பூச்சியானாலும் கூடவே வருகிறது. இதயத்தைத் தாக்கும் வகை நஞ்சு அது. ஒருதரம் கடித்துப் பார்த்த குருவி மறுதரம் அந்த நிறத்தைத் தொடாது. வெந்தய வரியன் அவசரமே இல்லாமல், தாழப் பறந்து திரிவதற்கு அதுதான் காரணம்.

புழுப் பருவம் ஏறத்தாழ இரண்டு வாரம், கூட்டுப்புழு ஒரு வாரம். கூடு பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். அதில் தங்கப் பொட்டு வைத்ததுபோல் மின்னும் புள்ளிகள் உண்டு.

இந்த நர்சரியில் அசுவினி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி, இருக்கிறது. மஞ்சளாக, கறுப்புக் கால்களோடு துளிரில் அப்பிக் கிடக்கும். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அதிகம், ஆனால் அதுவும் மருந்தடிக்காததற்கு ஓர் அடையாளமே. வீட்டுக்கு வந்ததும் துளிரை இரண்டு விரலால் தாங்கிக்கொண்டு தண்ணீரைப் பீய்ச்சுங்கள், பெரும்பாலானவை போய்விடும். மூன்று நாள் விட்டு இன்னொரு தடவை. வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று அடித்துவிடாதீர்கள், புழுவும் சேர்ந்து சாகும். யூரியா போட்டால் துளிர் மெத்தென்று வந்து அசுவினிக்கு விருந்தாகும், அதுவும் வேண்டாம்.

பெரிய கடைகளில் வாங்கிய அப்பழுக்கில்லாத செடியில்தான் வினை இருக்கிறது. சில மருந்துகள் இலைமேல் தங்குவதில்லை. வேர்வழியாக உறிஞ்சப்பட்டுச் செடிக்குள்ளேயே மாசக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். கழுவினாலும் போகாது. அப்படிப்பட்ட இலையைத் தின்ற புழு பச்சை நீராகக் கக்கும், உடம்பு நடுங்கும், துவண்டு தொங்கும். சந்தேகமான செடியிலிருந்து ஓர் இலையை ஒரே ஒரு புழுவுக்குக் கொடுத்து ஒரு நாள் பாருங்கள், எல்லாவற்றையும் அதன்மேல் விடாதீர்கள். இந்த நர்சரியில் மருந்து அடிப்பீர்களா என்று கேட்டால் 'ரோஜாவுக்கும் ஆர்க்கிட்டுக்கும் அடிப்போம், இந்த வரிசைக்கு அடிக்கிறதில்ல அண்ணே' என்று நேராகப் பதில் வருகிறது. ஆனால் ரோஜா வரிசைக்கும் இதற்கும் நடுவே பத்தடிகூட இல்லை. காற்றடித்தால் மருந்து இங்கேயும் வரும். அந்த ஓரத்துச் செடிகளைத் தவிர்த்து, வேலிப்பக்கத்துச் செடிகளை எடுங்கள்.

எருக்குப் பகுதி அவ்வளவு திருப்தி இல்லை. எருக்கின் வேர் ஆழத்துக்கு ஓடுகிற ஆணிவேர். அதைச் சின்னப் பாலிபேக்கில் ஒரு வருஷம் வைத்திருக்கிறார்கள். முழங்கால் உயரத்துக்குமேல் வளர்ந்த செடியை எடுத்து நட்டால் இலை முழுவதும் உதிர்ந்து, பாதிக்குப் பாதி சாகும். ஒரு சாண் உயரமுள்ள இளம் செடியே மேல். நடும் இடம் மேடாக இருக்கட்டும், குழியில் பாதிக்கு மணல் போடுங்கள். பேராக்கில் வருஷக் கடைசி மழைக்குக் களிமண்ணில் நட்ட எருக்கு அடித்தண்டு அழுகிச் சாயும். தண்டு வெட்டி நடுவதாக இருந்தால், வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டு வைத்துவிட்டு நடுங்கள். நன்றாக வேர் பிடித்த எருக்கு ஆள் உயரத்தையும் தாண்டும். அதன் தடித்த இலை ஒன்று மில்க்வீட் இலை பலவற்றுக்குச் சமம். இடமிருப்பவர்களுக்கு ஓர் எருக்கும் ஆறு மில்க்வீடும் நல்ல சேர்க்கை. பூவுக்குக் கறுப்புத் தச்சு வண்டு வரும். மகரந்தம் தூளாக இல்லாமல் சின்னப் பொட்டலமாக அதன் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

எருக்கு நமக்குப் புதிதல்ல. பிள்ளையாருக்கு மாலை, ரத சப்தமிக்குக் குளிக்கத் தலையிலும் தோளிலும் ஏழு இலை, நாரில் விளக்குத் திரி, காய்ப் பஞ்சில் தலையணை. அந்த நார் வில்லுக்கு நாண் திரிக்கும் அளவுக்கு உறுதி. வட அமெரிக்காவில் வளரும் மில்க்வீட் வகைகளுக்கும் இதே கதைதான். அங்குள்ள பூர்வகுடிகள் அவற்றின் தண்டு நாரில் கயிறு திரித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் கப்பல்படை உயிர்காப்புச் சட்டைக்கு இலவம்பஞ்சு கிடைக்காதபோது, அங்கே பள்ளிப் பிள்ளைகள் மில்க்வீட் காயை மூட்டை மூட்டையாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் நர்சரியில் எருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஒரு பலகையை உடனே எடுக்க வேண்டும். எருக்கிலையைப் பாதத்தில் வைத்துக் காலுறை போட்டு நடந்தால் இனிப்பு நீர் (நீரிழிவு) குறையும் என்று எழுதியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற இந்தச் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், எருக்கம்பால் பட்டுத் தோல் வெந்தாலும் தெரியாது, புண் ஆறவும் ஆறாது. பல்வலிக்குப் பால் வைப்பதும் வேண்டாம், வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள் அது. இலையை வாட்டி மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுப்பது பழைய பழக்கம். அதைச் செய்தாலும் புண் இல்லாத தோலில் மட்டும், துணி சுற்றிச் செய்யுங்கள்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் முதலில் வலி பெரிதாகத் தெரியாமல் பார்வை மட்டும் மங்கலாம், அதனால் ஏமாந்துவிடுவார்கள். பட்டவுடன் ஓடும் தண்ணீரில் 15 நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கடையில் கொப்பு ஒடித்துக் கொடுக்கும் தம்பி வெறுங்கையால் செய்கிறார், முதலாளி அவருக்கு இரண்டும் வாங்கித் தர வேண்டும்.

தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவர்கள் கொசுப் புகை அடிக்கும் நாளைக் கவனிக்க வேண்டும். டெங்கிக்கு அந்த வேலை தேவைதான், ஆனால் புழு தாங்காது. அறிவிப்பு வந்ததும் புழு இருக்கும் செடியை மூடிய பெட்டியில் வைத்து வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், வெளியில் நின்ற செடியை மறுநாள் நன்றாகக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் புல்லுக்கு மருந்தடிக்கும் எல்லைப் பக்கம் வைக்காதீர்கள். காய் முற்றி வெடிக்கும் முன் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால் பஞ்சோடு விதை பறந்து பக்கத்து நிலமெல்லாம் முளைக்காது, விதையும் கைக்குக் கிடைக்கும்.

கிலுகிலுப்பையையும் ஒன்று எடுங்கள். வெந்தய வரியன் ஆண்கள் காய்ந்த கிலுகிலுப்பையை உறிஞ்ச வரும். பெண்ணைக் கவரும் வாசனைக்கு அதிலுள்ள சத்து வேண்டும். கடையில் தேள்கொடுக்கைக் களை என்று பிடுங்கிப் போடுகிறார்கள், அதற்கும் இதே குணம் உண்டு. கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், வெயில் ஏறுமுன் போவது நல்லது. செடியைக் காரில் நிமிர்த்தி வைக்க ஓர் அட்டைப்பெட்டி கொண்டுபோங்கள், ஒடிந்த இடத்திலிருந்து பால் இருக்கையில் சொட்டினால் கறை போகாது. காசு கொடுக்குமுன் பாலிபேக்கின் மடித்த விளிம்புக்கு அடியில் விரலை விடாமல் கண்ணால் பாருங்கள். புழு அங்கேதான் கூடு கட்டித் தொங்கும். இருந்தால் விளிம்பை நிமிர்த்த வேண்டாமென்று கடைக்காரரிடம் சொல்லி, அப்படியே வாங்கிக்கொண்டு வாருங்கள்.