கெடிலம் கெடாமல் அச்சாக: ரிப்போர்ட்லேபா, வீஸிபிரிண்ட்டா?

கடலூர் முதுநகரில் ஒரு சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியலைப் பிடிஎஃப் ஆக்கித் தரும் வேலை. கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், நிரல் பைத்தான் மொழியில். பைத்தானிலிருந்து பிடிஎஃப் உருவாக்க ரிப்போர்ட்லேப், வீஸிபிரிண்ட் என்று இரண்டு நிரலகங்கள் உண்டு. பலரும் சொல்வதால் முதலில் ரிப்போர்ட்லேபை எடுத்தேன். தாளைப் பார்த்ததும் மனம் சுருங்கியது. 'கெடிலம்' என்ற ஆற்றின் பெயரில் ஒற்றைக்கொம்பு ககரத்தைத் தாண்டிப் போய் டகரத்துக்கு முன்னால் நின்றது. தேவனாம்பட்டினம் 'தவேனாம்பட்டினம்' ஆகியிருந்தது. ஆட்களின் பெயர்களும் இப்படித்தான். தன் பெயரே சிதைந்து கிடக்கும் பட்டியலில் யார் கையெழுத்துப் போடுவார்?

காரணம் எளிது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் முதலில் மெய், அடுத்து உயிர்க்குறி என்றுதான் சேமிக்கிறோம். கொம்பை முன்னால் கொண்டுவருவதும், 'கு', 'டி' போன்றவற்றை ஒரே வடிவாக இணைப்பதும் எழுத்தை வரையும்போது நடக்க வேண்டிய வேலை. டெபியன் 12இல் கிடைக்கும் ரிப்போர்ட்லேப் 3.6 அதைச் செய்வதில்லை. வந்த வரிசையிலேயே அடுக்கிவிடுகிறது. வீஸிபிரிண்ட்டோ எச்டிஎம்எல் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்குவது. அது பேங்கோ என்ற உரை அமைக்கும் நிரலகத்தின் வழியாக, எழுத்து வடிவங்களைச் சேர்த்து அடுக்கும் ஹார்ஃப்பஸிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்கிறது. அதே பட்டியலை எச்டிஎம்எல்லாக எழுதிக் கொடுத்தேன். நெல்லிக்குப்பம், கொண்டூர், திருப்பாதிரிப்புலியூர் எல்லாம் சரியாக வந்தன.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துருவான பாமினிக்கு மாற்றி ரிப்போர்ட்லேபில் அச்சிடலாமே என்பார்கள். தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கோப்பில் தமிழே இருக்காது. நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகள் கொட்டும், ஒரு பெயரைத் தேடவும் முடியாது. இந்த வழியை நான் ஏற்கமாட்டேன்.

எழுத்துருவிலும் வித்தியாசம் உண்டு. ரிப்போர்ட்லேபுக்கு எழுத்துருக் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டி நாமே பதிய வேண்டும். வீஸிபிரிண்ட்டுக்கு லோஹித் தமிழ் எழுத்துருப் பொதியை டெபியனின் நிறுவல் கருவியான ஆப்டில் நிறுவி, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் அதன் பெயரைச் சொன்னால் போதும். ரிப்போர்ட்லேப், வீஸிபிரிண்ட் இரண்டுமே பிஎஸ்டி என்ற திறந்த மூல உரிமத்தில் வருபவை.

வேகத்தில் ரிப்போர்ட்லேப்தான் முந்தும். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீளும் அட்டவணை என்றால் வீஸிபிரிண்ட் திணறும், நினைவகத்தையும் நிறையத் தின்னும். நான் ஊர்வாரியாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்புகளாக எடுத்தேன்.

ரிப்போர்ட்லேபை நீக்கிவிடவில்லை. முன்பே அச்சடித்த ரசீதுப் புத்தகத்தில் எண், தேதி, தொகை மூன்றையும் மில்லிமீட்டர் பிசகாமல் கட்டத்துக்குள் உட்காரவைக்க அதுவே வசதி. சங்கத்துக்கு இப்போது ரசீது அதில், பெயர்ப் பட்டியல் வீஸிபிரிண்ட்டில்.