வீடு மாறினப்போ தபால் ரீடைரக்ஷன் எழுதிக் குடுத்தோம்: எது வந்துச்சு, எது வரல

அப்பா தவறினதுக்கு அப்புறம் அம்மாவைக் கும்பகோணத்துல தனியா விட மனசு வரல, குரோம்பேட்டைல எங்க கூடவே இருக்கட்டும்னு கூட்டிட்டு வந்துட்டோம். வீட்டைக் காலி பண்றப்போ கேஸ் கனெக்ஷன், ஈபி கார்டு, ரேஷன் கார்டு, பால்காரர் பாக்கின்னு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு, தபால் மட்டும் யாருக்குமே தோணல. ஞாபகப்படுத்தினதே போஸ்ட்மேன் தான். சாமான் ஏத்திட்டு இருக்கிறப்போ வாசல்ல வண்டியை நிறுத்தி, "அம்மா, ஆபீஸ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, இல்லன்னா உங்களுக்கு வர்றது எல்லாத்தையும் நான் லெப்ட்னு எழுதி திருப்பி அனுப்பத்தான் முடியும்"னாரு. இருபது வருஷமா அந்த பீட்டுல (ஒரு போஸ்ட்மேன் தபால் குடுக்கிற ஏரியா) நடக்கிறவரு, அம்மா அவரைத் தம்பின்னு தான் கூப்பிடுவாங்க. அவர் சொன்னதால தான் இந்த ரிவ்யூவே எழுத முடியுது. வீடு மாறுற பல பேருக்கு இப்படி ஒரு வசதி இருக்குங்கறதே தெரியல, அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன்.

விஷயம் இது தான். பழைய அட்ரஸுக்கு டெலிவரி பண்ற போஸ்ட் ஆபீஸ்ல போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு லெட்டர் எழுதணும், இன்ன தேதிலேர்ந்து எங்களுக்கு வர்ற தபாலை எல்லாம் இந்தப் புது அட்ரஸுக்கு அனுப்பிடுங்கன்னு. பழைய முகவரி, புது முகவரி பின்கோடோட, யார் யார் பேருக்கு வரும்ங்கறது, கையெழுத்து, போன் நம்பர், ஐடி காப்பி ஒண்ணு. அவ்ளோ தான். எங்களுக்கு இதுல ஒரு பைசா செலவாகல. லண்டன்ல இருக்கிற அத்தை பையன் கிட்ட சொன்னப்போ அவனுக்கு ஆச்சரியம், அங்க ராயல் மெயில்ல இதுக்கு மூணு மாசம் ஆறு மாசம் ஒரு வருஷம்னு தனித்தனி ரேட் வச்சு பணம் வாங்குறாங்களாம்.

இதுல ஒண்ணு கவனிக்கணும், வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற போஸ்ட் ஆபீஸ்ல குடுத்தா வேலை நடக்கும்னு நினைக்காதீங்க. எல்லா போஸ்ட் ஆபீஸும் டெலிவரி பண்ணாது. ஸ்டாம்ப் விப்பாங்க, சேவிங்ஸ் கணக்கு வச்சிருப்பாங்க, ஆனா போஸ்ட்மேன் அங்க இருக்க மாட்டார், அவர் உக்காந்து தபால் பிரிக்கிற இடம் வேற. உங்க பின்கோடுக்கு டெலிவரி பண்றது எந்த ஆபீஸுன்னு கேட்டுட்டுப் போங்க, அந்தக் கவுன்ட்டர்ல குடுத்தா தான் லெட்டர் உங்க பீட் போஸ்ட்மேன் கைக்குப் போகும். எங்களுக்கு அவரே வழி சொல்லிட்டதால அலையல.

இன்னொண்ணு, பேரு. அம்மா பேரை மட்டும் எழுத இருந்தோம், போஸ்ட்மேன் தான் சார் (அப்பா) பேரையும் எழுதுங்க, சாருக்கு இன்னும் ரொம்ப நாளைக்கு வரும்னாரு. அதைக் கேட்டப்போ அம்மா கண்ணு கலங்கிடுச்சு, ஆனா அவர் சொன்னது அப்படியே நடந்துச்சு. முதல் ரெண்டு மாசம் எங்களுக்கு ரீடைரக்ட் ஆகி வந்ததுல பாதிக்கு மேல அப்பா பேருக்கு வந்தது தான், எல்ஐசி பிரீமியம் நோட்டீஸ், அவர் சந்தா கட்டியிருந்த மாசப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ். அந்த பிரீமியம் நோட்டீஸ் வந்ததால தான் எங்களுக்குத் தெரியாத ஒரு பாலிசி இருக்குன்னே கண்டுபிடிச்சோம், கிளைம் போட்டு அம்மாவுக்குப் பணமும் வந்துடுச்சு. அந்தக் கவர் மட்டும் திரும்பிப் போயிருந்தா அப்படி ஒரு பாலிசி இருந்ததே வீட்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

எனக்கு மறக்க முடியாதது ஒரு கல்யாணப் பத்திரிகை. அப்பாவோட பழைய ஆபீஸ் சிநேகிதர் ஒருத்தர் அம்பாசமுத்திரத்துல இருக்கார், வாட்ஸப் எல்லாம் அவருக்குப் பழக்கம் இல்ல, பொண்ணு கல்யாணத்துக்குத் தபால்ல தான் பத்திரிகை அனுப்பியிருந்தார். நாலு மூலைலயும் மஞ்சள் தடவின கவர், முன்னாடி அப்பா பேரு, கும்பகோணம் அட்ரஸ், அது மேல ஒரே ஒரு கோடு சாய்வா. பழைய எழுத்தை அடிச்சுக் கிறுக்காம, வாசிக்கிற மாதிரியே விட்டுட்டு, பக்கத்துல நீல பால்பாயிண்ட்ல எங்க குரோம்பேட்டை அட்ரஸ் முழுசா. கதவு எண்ணுல பழைய நம்பர் புது நம்பர் ரெண்டும் போட்டு, கடைசில 600 044-ஐ பெருசா எழுதி அடிக்கோடு. பின்பக்கம் அம்பாசமுத்திரம் முத்திரை ஒண்ணு, கும்பகோணம் முத்திரை ஒண்ணு. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி கைக்கு வந்துச்சு, அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். அப்பா போனது அந்த மாமாவுக்கு அங்க தான் தெரிஞ்சுது. பத்திரிகை திரும்பி வந்திருந்தா, இத்தனை வருஷப் பழக்கத்துக்கு வராம இருந்துட்டானேன்னு அவர் மனசுல கடைசி வரைக்கும் ஒரு வருத்தம் இருந்திருக்கும்.

அந்த ஆறு இலக்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல வந்தது. தமிழ்நாடும் கேரளாவும் 6-ல ஆரம்பிக்கும், முதல் மூணு இலக்கம் எந்த சார்ட்டிங் மாவட்டம் (தபாலைப் பிரிக்கிற பகுதி)னு காட்டும், கடைசி மூணு டெலிவரி ஆபீஸைக் காட்டும். கும்பகோணம் போஸ்ட்மேன் அந்த ஊர் 612-க்குப் பதிலா 600 போட்டதும் பை மாறிடுச்சு, கடைசி 044 தான் எங்க ஏரியா ஆபீஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டுச்சு. அதனால புது அட்ரஸ் எழுதிக் குடுக்கிறப்போ பின்கோடை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சரிபாருங்க, அதுல தப்பு விட்டா மாசக் கணக்குல வர்ற அத்தனையும் வேற ஊருக்குப் போய் அங்கேர்ந்து திரும்பும். 2025 மே மாசம் டிஜிபின்னு ஒண்ணும் கொண்டுவந்திருக்காங்க, நாடு முழுக்க நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து பத்து இடத்துல ஒரு குறி. தெருப் பேரே இல்லாத புது நகர்களுக்கு, வயல் நடுவுல இருக்கிற வீட்டுக்கு இது ரொம்ப உபயோகம். ஆனா அது இடத்துக்கான குறி, ஆளுக்கானது இல்ல, ஆள் மாறினா எழுதிக் குடுத்தே ஆகணும்.

இப்ப வராம போனதைச் சொல்றேன். அம்மா கணக்கு இருக்கிற ஒரு பேங்க் (பேரு வேணாம்), ஆப்புல அட்ரஸ் மாத்திட்டோம், கன்ஃபர்ம்னு மெசேஜும் வந்துச்சு, அப்புறம் டெபிட் கார்டு புதுப்பிச்சப்போ கார்டு நேரா கும்பகோணத்துக்குப் போச்சு. கேட்டா கம்யூனிகேஷன் அட்ரஸ் வேற, பெர்மனன்ட் அட்ரஸ் வேற, நீங்க ஒண்ணைத் தான் மாத்தியிருக்கீங்கன்னாங்க. ரீடைரக்ஷன் தான் இருக்கேன்னு நான் தைரியமா இருந்தேன், ஆனா போஸ்ட்மேன் போன் பண்ணி, இந்தக் கவர் மேலயே ரீடைரக்ட் பண்ணக்கூடாது, டெலிவரி ஆகலன்னா அனுப்புனருக்கே திருப்பணும்னு அச்சடிச்சிருக்கு, நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மான்னாரு. அவர் பண்ணினது தான் சரி, கார்டு வேற கைக்குப் போகாம இருக்கிறதுக்கான பாதுகாப்பு அது. கோவம் எனக்கு அந்த பேங்க் மேல தான், எழுபது வயசு அம்மாவை வச்சுட்டு மூணு தடவை கிளைக்கு அலைய விட்டாங்க. ரீடைரக்ஷன் போட்டாச்சுன்னு இருந்துடாதீங்க, பேங்குக்கெல்லாம் தனியா, ரெண்டு அட்ரஸையும் மாத்திட்டு பிரின்ட் எடுத்துப் பாருங்க.

மத்த இடமும் அப்படித்தான். ஆதார்ல அட்ரஸ் மாத்த இப்ப 75 ரூபா, வோட்டர் ஐடிக்கு ஃபார்ம் 8, டிரைவிங் லைசென்ஸும் ஆர்சியும் தமிழ்நாட்டுல 2024-லேர்ந்து ஸ்பீட் போஸ்ட்ல தான் வருது, வீட்ல ஆள் இல்லன்னா ஆர்டிஓ ஆபீஸுக்கே திரும்பிடும். வீடு மாறின மாசமே இதெல்லாம் முடிச்சிடுறது நல்லது.

கையெழுத்து வாங்கிக் குடுக்கிற தபால் விஷயத்துல தான் ஜாஸ்தி கவனம் வேணும். ரெஜிஸ்டர் போஸ்டை 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, ஆனா முறை நமக்குத் தெரிஞ்சது தான். வீடு பூட்டியிருந்தா போஸ்ட்மேன் ஒரு இன்டிமேஷன் சீட்டு செருகிட்டுப் போவார், தபால் ஆபீஸ்ல ஏழு நாள் இருக்கும், வாங்கலன்னா அனுப்பினவருக்குத் திரும்பிடும். திரும்புறப்போ கவர் மேல ஏன்னு எழுதணும், டோர் லாக்ட், ரெஃப்யூஸ்ட், நோ சச் பர்சன், இன்சஃபிஷியன்ட் அட்ரஸ், லெப்ட் வித்தவுட் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் (எங்க அனுப்பணும்னு சொல்லாம போயிட்டாங்க). இந்தக் கடைசி ஒண்ணுல இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்னு வருது பாருங்க, அது நாம எழுதிக் குடுக்க வேண்டிய அந்த ஒத்தைப் பேப்பர் தான், நான் இதையே இப்ப தான் புரிஞ்சுக்கிட்டேன்.

அந்தக் குறிப்பு சும்மா ஒரு வார்த்தை இல்ல, கோர்ட் வரைக்கும் போகும். செக் பவுன்ஸ் நோட்டீஸ் சரியான அட்ரஸுக்கு ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பி அது வீடு பூட்டியிருக்கு, ஆள் ஊர்ல இல்லன்னு திரும்பி வந்தாலும் சேர்ந்ததாவே எடுத்துக்கலாம்னு சி.சி. அலவி ஹாஜி வழக்குல 2007-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நோட்டீஸ் கைக்கு வரவே இல்லன்னு சொல்றவங்க சம்மன் கிடைச்ச 15 நாளுக்குள்ள பணத்தைக் கட்டிடலாம்னும் அதுல ஒரு வழி குடுத்திருக்காங்க. பழைய வீட்டுக் கதவுல சீட்டு தொங்கிட்டு இருக்கும், நமக்கு எதிரா நாள் ஓடிட்டு இருக்கும், இதுக்காகவே எழுதிக் குடுத்துட்டு வரணும்.

இதையெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறம் எங்க குரோம்பேட்டை வீட்டுக்கு வர்ற தபாலை நான் வேற கண்ணோட பாக்குறேன். முன்னாடி குடியிருந்தவங்க பேருக்கு இன்னும் கவர் வருது. ஹவுஸ் ஓனர் அம்மா அதை எல்லாம் மீட்டர் பெட்டி மேல குவிச்சு வச்சிருந்தாங்க, சிலது ஒரு வருஷப் பழசு, ஒண்ணுல வக்கீல் ஆபீஸ் முத்திரை. தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, பிரிக்கவும் பிரிக்காதீங்க. கவர் மேல "இவர் இப்போது இங்கு இல்லை"ன்னு எழுதி மறுநாள் போஸ்ட்மேன் கிட்டயே குடுத்துடுங்க. போன் நம்பர் தெரிஞ்சா அவங்களுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் அந்தக் குவியலை அப்படியே எங்க ஏரியா போஸ்ட்மேன் கிட்ட குடுத்தேன், ஒவ்வொண்ணா பாத்துட்டு, இவர் போன தெரு ஆச்சே எனக்குத் தெரியும்னு ரெண்டைத் தனியா எடுத்து வச்சார்.

அனுப்புனர் முகவரி எழுதாம தபால் போடுறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பெறுநரும் கிடைக்கல, அனுப்பினவர் யாருன்னும் தெரியலன்னா அந்தத் தபாலுக்குப் போக்கிடம் கிடையாது. 1898 தபால் சட்டத்துல இதுக்குத் தனி வழியே இருந்துச்சு. ரகசியம் காப்பேன்னு கட்டுப்பட்ட ஒரு அதிகாரி மட்டும் அந்தக் கவரைப் பிரிச்சு உள்ள அட்ரஸ் ஏதாவது இருக்கான்னு தேடுவார், இருந்தா திருப்பி அனுப்புவாங்க, இல்லன்னா கடிதத்தை அழிச்சிடுவாங்க, உள்ள பணமோ பொருளோ இருந்தா ஒரு வருஷம் வச்சிருந்து யாரும் உரிமை கேக்கலன்னா தான் கணக்குல சேப்பாங்க. இப்ப அந்தச் சட்டம் போய் 2023 தபால் சட்டம் 2024 ஜூன் 18-லேர்ந்து நடைமுறைல இருக்கு. முன்பின் தெரியாத ஒருத்தரோட கடிதத்துக்காக இவ்ளோ யோசிச்சு எழுதியிருக்காங்களேன்னு படிச்சப்போ எனக்கு மரியாதை கூடிடுச்சு. நாம கவர் பின்னாடி நாலு வரி எழுதினா அந்த வேலையே மிச்சம்.

ஸ்டார் கேட்டா இந்த சர்வீஸுக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஒண்ணைக் குறைச்சது ஏன்னா, ஒரு கவர் ரீடைரக்ட் ஆனாலோ திரும்பிப் போனாலோ நமக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தா எவ்ளோ நல்லா இருக்கும், இப்ப ஸ்பீட் போஸ்டா இருந்து 13 எழுத்து நம்பர் கைல இருந்தா மட்டும் தான் நாமளே தேடிப் பாக்க முடியும், சாதா தபால் வந்து சேர்ந்தா தான் உண்டு. நாளும் பிடிக்கும், கும்பகோணம் போய் அங்கேர்ந்து சென்னை வரணும்ல, அவசரத் தபாலை இதை நம்பி விடாதீங்க. எழுதிக் குடுத்தது ஆயுசுக்கும் ஓடாது, காலம் முடிஞ்சா புதுசா எழுதணும், அதை போன்ல ரிமைண்டர் போட்டு வச்சிடுங்க.

நாங்க ஒரு தடவை புதுப்பிச்சாச்சு, அடுத்தது வர்ற மாசம். இப்ப கும்பகோணத்துலேர்ந்து வர்றது அப்பாவோட அந்த மாசப் பத்திரிகை ஒண்ணு தான். அட்ரஸ் மாத்தச் சொல்லி அவங்களுக்கு எழுத அம்மா ஒரு கார்டு வாங்கி வச்சிருக்காங்க, பேரை மட்டும் மாத்த வேணாம், அப்பா பேர்லயே வரட்டும்னு சொல்லிட்டாங்க.